கவர்னர் டால்பட் போட்ட ஓட்டு

மார்செல்லஸ் டால்பட் கவர்னர் பதவியிலிருந்து இறங்கி முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் கென்டக்கியின் அந்தச் சின்ன ஊரில் முடிதிருத்துபவர் முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் அவர் இன்னும் கவர்னர்தான். மகள் சபைனா ஒருத்திதான் அவரை அப்பா என்று கூப்பிடுவாள். மகன் லியாண்டர் எப்படியும் கூப்பிடுவதில்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு நின்று பதினெட்டு வருஷம்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மைல்கூட இருக்காது. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுவார்கள். “சபைனா, அந்த ஹாம் தட்டை இப்படித் தள்ளச் சொல்லு உன் தம்பிய” என்பார் கவர்னர். “தட்டு வருதுன்னு சொல்லுக்கா” என்பான் தம்பி. பன்றிக்கறித் தட்டுக்கும் அவருக்கும் இரண்டடி தூரம். ஐம்பது வயதில் சபைனாவுக்கு இந்தத் தபால்காரி வேலை அலுத்துப்போயிருந்தது. அப்பாவுக்கு எண்பத்திரண்டு. இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவாரா என்று கேட்டால் டாக்டர் கண்ணாடியைத் துடைக்கிறார். அதற்குள் இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அன்று தேர்தல். மாநில மேல்சபைக்கு லியாண்டர் நின்றான். ஓட்டுப் போட அப்பாவைக் குதிரைவண்டியில் அழைத்துக்கொண்டு போனாள் சபைனா. வழியெல்லாம் கவர்னர் புதுச் சட்டத்தைத் திட்டிக்கொண்டே வந்தார்.

“மரப்பெட்டிக்குள்ள போயித் திரைய இழுத்துவிட்டுக்கணுமாம். நான் ஓட்டுப் போடப் போறேனா, கக்கூஸுக்குப் போறேனா?”

“சட்டம்ப்பா.”

“எந்தக் கழுதை போட்ட சட்டம்?”

“நம்ம கட்சிக்காரங்கதான் போட்டாங்க.”

கவர்னர் மரங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்தக் குடும்பத்துக்கு அரசியல்தான் பயிர், அரசியல்தான் அறுவடை. கவர்னரின் அப்பா நீதிபதி, சித்தப்பா வாஷிங்டனில் காங்கிரஸ் சபை உறுப்பினர். காலைச் சாப்பாட்டிலேயே எந்த ஊர் எந்தப் பக்கம் சாயும் என்ற பேச்சு தொடங்கிவிடும். பெண்ணாகப் பிறந்ததால் சபைனாவுக்கு ஓட்டு இல்லை. ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுக்காரர் யாருடைய ஆள் என்று அவளைப் போலச் சொல்ல ஒரு ஆண்பிள்ளை கிடையாது.

அந்த நாள் தேர்தல்களை நினைத்தால் இன்றும் அவளுக்கு நெஞ்சு விம்மும். ஆகஸ்ட் மாதத்து வெயில். நீதிமன்ற வாசலில் கொப்பரை கொப்பரையாக பர்கூ என்னும் கறிக்குழம்பு கொதிக்கும். அணில் கறியும் சோளமும் வெந்த வாசனை தெருமுனை வரை வரும். விஸ்கிப் பீப்பாய்க்கு ஒரு தனிக் கூட்டம். உள்ளே ஷெரிப் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “யாருக்கு ஓட்டு?” என்று கேட்பார். வந்தவன் வாய்விட்டுப் பெயரைச் சொல்வான். அங்கேயே உட்கார்ந்திருக்கும் வேட்பாளர் எழுந்து, தொப்பியை எடுத்து, தலைகுனிந்து, “நன்றி, மிஸ்டர் இன்னார். இந்த மரியாதைய மறக்க மாட்டேன்” என்பார். குடியானவனாக இருந்தாலும் மிஸ்டர்தான். ஜன்னலுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்தபடி சிறுமி சபைனா அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். அப்பா குனிந்து குனிந்து நிமிர்வதைப் பார்க்க அத்தனை பெருமை.

அது பொற்காலம் என்று சொல்லவும் அவளுக்கு மனசு வராது. குத்தகைக்காரர்கள் நிலத்துக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பெயர் சொன்னார்கள். அதுவும் அவள் கண்ணில் பட்டதுதான்.

1875இல் லியாண்டருக்கு இருபத்தேழு வயது. முதல் தேர்தல். எதிரே நின்றவர் கர்னல் பிரீவிட். ஜனவரியிலேயே கர்னல் வீட்டுக்கு வந்து ஓட்டுக் கேட்டிருந்தார். கவர்னரும் சரி என்று கை கொடுத்திருந்தார். மகன் நிற்கப்போவதாகச் சொன்னது மே மாதம். கொடுத்த கையைத் திரும்ப வாங்குவது டால்பட் வம்சத்தில் கிடையாது. மகனிடம் அதை முன்கூட்டிச் சொல்லவாவது செய்திருக்கலாம். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று பெரியவர் விட்டுவிட்டார். அரசியல் குடும்பங்களில் நடக்கிற தப்பு இது.

ஓட்டு நாளில் லியாண்டர் அப்பாவைக் கண்டதும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டான். “கர்னல் பிரீவிட்டுக்கு!” என்றார் கவர்னர். மகனைச் சாப்பிடக் கூப்பிடும் அதே கணீர்க் குரல். நன்றி சொல்ல எழுந்தவர் கர்னல். பாதி எழுந்த லியாண்டர் அப்படியே உட்கார்ந்தான். கவர்னருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் கர்னலையே சொன்னார்கள். பதினோரு ஓட்டில் தோற்றான். தோல்வியை அவன் மறந்திருப்பான். பாதி எழுந்ததை மறக்கவில்லை.

இப்போது நீதிமன்றத்துக்கு எதிரே, தெருவின் மறுபக்கம், மேப்பிள் மரத்தடியில் லியாண்டர் நின்றிருந்தான். வேட்பாளர் வாசலை நெருங்கக் கூடாதென்பதும் புதுச் சட்டம். சபைனா அப்பாவை வண்டியில் உட்காரவைத்துவிட்டு அவனிடம் போனாள்.

“டேய், அப்பா இந்தத் தடவை உனக்குத்தான் போடுவாரு.”

“அவரு சொன்னாரா?”

“சொல்லல. எனக்குத் தெரியாதா?”

“அன்னிக்கு ஊரே கேக்க என்னை வேண்டாம்னாரு. இன்னிக்கு யாருக்கும் தெரியாமத் திரைக்குள்ள போடுற ஓட்டு எனக்கு எதுக்குக்கா?”

அவள் திரும்பி வந்தாள். “என்ன சொல்றான் உன் தம்பி?” என்றார் கவர்னர். பதினெட்டு வருஷமாக இருவர் பேச்சிலும் முள்ளை எடுத்துவிட்டுத்தான் அவள் சேர்ப்பித்து வந்தாள். இன்று ஒரு சொல்லும் குறைக்காமல் அப்படியே சொன்னாள். கவர்னர் தடியை எடுத்துக்கொண்டார். பிறகு, “கையைக் கொடும்மா” என்று இறங்கினார்.

வாசல்வரைதான் அவள் போகலாம். உள்ளே திரை மூடியது, திறந்தது. கவர்னர் சீட்டும் கையுமாக ஓட்டுப் பெட்டியைத் தாண்டி வாசலை நோக்கி நடந்து வந்தார்.

“கவர்னர் ஐயா! சீட்டை மடிங்க! வெளிய காட்டினா செல்லாது!” என்று எழுத்தர் பதறிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

“உங்க தாத்தா என் முன்னாடி சத்தமாத்தான்யா ஓட்டுப் போட்டாரு. நீ போயி உக்காரு.”

படியில் நின்று சீட்டை விரித்தார். கேட்க ஷெரிப் இல்லாததால் கேள்வியையும் அவரே கேட்டுக்கொண்டார்.

“மார்செல்லஸ் டால்பட், யாருக்கு ஓட்டு? லியாண்டர் டால்பட்டுக்கு!”

எண்பத்திரண்டு வயதிலும் அந்தக் குரல் தெருவைத் தாண்டியது. மேப்பிள் மரத்தடியில் லியாண்டர் தொப்பியை எடுத்தான். முழுதாகத் தலைகுனிந்தான்.

“நன்றி, மிஸ்டர் டால்பட்” என்றான். “இந்த மரியாதைய மறக்க மாட்டேன்.”

எழுத்தர் சீட்டை வாங்கிச் ‘செல்லாது’ என்று எழுதினார். லியாண்டர் அந்தத் தேர்தலிலும் தோற்றான், நாலு ஓட்டில். ஆனால் அது மறுநாள் தெரிந்த சங்கதி. அப்போது அவன் தெருவைத் தாண்டி வண்டிவரை வந்து, அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

“சபைனா, உன் தம்பிகிட்டச் சொல்லு…” என்று ஆரம்பித்தார் கவர்னர்.

“எனக்குக் காது மந்தமாயிடுச்சுப்பா. நீங்களே சொல்லுங்க.”

கவர்னர் தொண்டையைச் செருமினார். “ஹாம் இருக்கு. சாப்பிட வா.”

“வரேன்ப்பா” என்றான் லியாண்டர்.

அன்று மேஜையில் ஹாம் தட்டு மூன்று தடவை கை மாறியது. ஒரு தடவைகூட யாரும் சபைனாவைக் கூப்பிடவில்லை. அவள் சமையலறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஆசைதீர அழுதுவிட்டு வந்தாள்.