பாஞ்சாலி மகளின் மதியச் சாப்பாடு

"எம் பொண்ணுக்கு வச்ச ரொட்டிய உங்க பையன் தின்னு கொழுக்கறதுக்கா நான் காலங்காத்தால எந்திரிச்சு ஜாம் தடவறேன்? சொல்லுங்க்கா" என்று பாஞ்சாலி போட்ட சத்தம் தெருமுனை டீக்கடை வரை போனது.

எதிர்வீட்டு ஹாஜிரா வாசற்படியை விட்டு இறங்கவில்லை. "கத்தாதீங்க. உங்க பொண்ணு எங்கிட்ட என்ன திங்குதுன்னு கேட்டுட்டுக் கத்துங்க" என்றாள்.

சண்டையிலும் இருவரும் 'ங்க' போடத் தவறவில்லை. பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர்கள் ஆயிற்றே.

மூட்டிவிட்டது ஹாஜிராவின் மகன் ஜமீர். பள்ளிக்கூட ஜட்காவிலிருந்து இறங்கியவன் நேரே பாஞ்சாலியிடம் போய், "ஆன்ட்டி, நாளைக்கு ஜாம் கொஞ்சம் சேத்தித் தடவுங்க" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டான். அவளுடைய மகள் ராஜாமணி வண்டியை விட்டு இறங்காமல் உள்ளேயே பதுங்கிக்கொண்டாள்.

அறுபத்தாறில் பெண்பிள்ளையை அந்தப் பள்ளியில் சேர்க்க பாஞ்சாலியின் மாமனார் மாயவன் லேசில் சம்மதிக்கவில்லை. மதியச் சாப்பாட்டைப் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பூனால்தான் சாப்பிட வேண்டுமாம். ராகிக் களியை எந்த ஸ்பூன் தூக்கும்? "களி திங்காத புள்ள காத்துல பறந்துரும். பொங்கலுக்குள்ள இளைச்சா நம்மூருப் பள்ளிக்கூடந்தான்" என்று சொல்லிவைத்தார்.

மார்கழி பிறந்தது. ராஜாமணிக்குக் கன்னம் உப்பியிருந்தது. எல்லாம் ரொட்டியின் மகிமை என்று பாஞ்சாலி வீடு வீடாகச் சொல்லிவந்தாள். அதை நம்பி நாலாவது வீட்டு மாதம்மாள்கூட ரொட்டி வாங்கினாள். பிள்ளை தொடவில்லை, புருஷன் தின்றான்.

இப்போது ஹாஜிரா உள்ளதை உடைத்தாள். கையால் சாப்பிடும் பிள்ளைகளுக்குப் பள்ளி கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் வைத்து வீட்டார் ஊட்டலாமாம். அங்கே ஹாஜிரா மகனுக்குச் சோறு கொண்டுபோவாளாம். ராஜாமணி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கம்பி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஒருநாள் ஹாஜிரா தன் வீட்டில் கிண்டிய களியில் ஒரு உருண்டை எடுத்துப் போய் அவளுக்குக் கொடுத்தாளாம். அன்றிலிருந்து ராஜாமணிக்குக் களி, ஜமீருக்கு ரொட்டி.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த மாயவன் எழுந்து உட்கார்ந்தார்.

"எத்தன உருண்ட?" என்று வண்டியைப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டு, தாத்தா."

"தொட்டுக்க?"

"கருவாட்டுக் கொழம்பு."

"அப்ப எம் பேத்திய வளத்தது எது பாஞ்சாலி? ரொட்டியா, களியா?"

டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன்கூட எட்டிப் பார்த்தான். ரொட்டி என்று சாதித்தால் கிழவர் வீம்புக்காகவே பேத்தியைப் பள்ளியிலிருந்து நிறுத்துவார். களி என்று சொன்னால் ரெண்டு மாதமாக அடித்த பெருமையைத் தெருவே பார்க்க விழுங்க வேண்டும். மாதம்மாள் வேறு இடுப்பில் குடத்தோடு நின்றாள்.

"களிதான் மாமா. நீங்கதான் கெலிச்சீங்க" என்றாள் பாஞ்சாலி. குரல் இறங்கிவிட்டது. "ஆனா இளைச்சாத்தான நிறுத்தறேன்னீங்க? அது இளைக்கலீங்களே."

மாயவன் மீசையைத் தடவினார். சொன்ன சொல்லை மாற்றும் ஆளில்லை அவர். மாற்ற வழியும் அவள் வைக்கவில்லை. "நாளையிலிருந்து ராகி நம்ம வூட்டுதாப் போவட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் பாஞ்சாலி கிண்டிய களியை ஹாஜிராதான் சுமந்துபோனாள். ஆறு மாதத்துக்கு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. களி வைத்த தூக்குப்போசி மட்டும் போய்வந்துகொண்டிருந்தது.

ராஜாமணி அந்தப் பள்ளியிலேயே அஞ்சாவது முடித்தாள். எழுபத்தெட்டில் அவளை அரூரில் தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவருக்குக் கொடுத்தார்கள். மாயவன் அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஹாஜிரா குடும்பம் அதற்குள் பெங்களூருக்குக் குடிபெயர்ந்திருந்தது. கல்யாணத்துக்கு அவள் மட்டும் பஸ் ஏறி வந்தாள். மாதம்மாள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள்.