வரைபடத்தில் இரண்டு புள்ளிகள்

போன் பழுதுபார்க்கிறவருக்குக் கடைத்தெருவில் 'தீர்ப்பு' என்று பட்டப்பெயர். எந்தப் போனைக் கையில் கொடுத்தாலும் கழற்றுவதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவார். இந்தக் கம்பெனி கேமராவில் எல்லார் முகமும் மாவு பூசியது மாதிரி வரும், அந்தக் கம்பெனி பேட்டரி ஒரே வருஷத்தில் வயிறு ஊதிவிடும், முகத்தைக் காட்டித் திறக்கிற பூட்டு சோம்பேறிகளுக்கானது. யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். கல்லாவில் உட்காரும் அவர் மனைவி, "உங்க வாய்க்கு ஒரு அப்டேட்டும் வரமாட்டேங்குதே" என்பாள். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். பேச்சைக் கேட்பதற்காகவே சிலர் வருவதுண்டு.

அன்று காலை பதினோரு மணிக்குத் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவன் ஒருவன் வந்தான். நல்ல உயரம், அடக்கமான பேச்சு. அவன் கொடுத்த போனின் கண்ணாடி நடுவிலிருந்து நாலாபக்கமும் சிதறியிருந்தது. கை தவறி விழுந்துவிட்டது என்றான். தீர்ப்பு அதை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். விழுந்தால் மூலை உடையும், இது சுவரில் எறிந்த உடைப்பு என்று சொல்லிவிட்டு, யாரானாலும் கோபம் வந்தால் தலையணையை எறிவது நல்லது, இந்த மாடலின் கண்ணாடிக்கு அவ்வளவு தாங்கும் சக்தி கிடையாது என்றார். அவன் சிரித்தான். அவன் மணிக்கட்டில் மூன்று நகக் கீறல்கள் காய்ந்திருந்தன. அவற்றையும் அவர் பார்த்தார். ஆனால் அவர் மனம் முழுக்கக் கண்ணாடியில்தான் இருந்தது.

புதுக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தபோது அவன் மெதுவாகக் கேட்டான். வீட்டில் மனைவியின் போன் தொலைந்துவிட்டது, நான்கு நாளாகத் தேடுகிறோம், கண்டுபிடிக்க வழி உண்டா என்று.

இரண்டு போனும் ஒரே கணக்கில் இருக்கிறதா என்று தீர்ப்பு விசாரித்தார். இருந்தது. இரண்டையும் வாங்கியபோது அவன்தான் ஒரே கணக்கில் போட்டிருந்தான். தீர்ப்புக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்த இணையக் கம்பெனிகள் கொடுக்கிற இலவசங்களில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டே கடைக் கணினியில் அந்தக் கணக்கைத் திறந்தார். வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. ஒன்று அவர்கள் நின்றிருந்த கடையிலேயே இருந்தது. மற்றது பத்துத் தெரு தள்ளி, பழைய அச்சகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தின் மேல் இருந்தது.

"யாரோ எடுத்து வெச்சிருக்காங்க. இப்போ பாருங்க வேடிக்கையை," என்று ஒரு பட்டனை அழுத்தினார். "பூட்டிட்டேன். இனிமே அது திருடன் கையில வெறும் செங்கல்தான். இந்தக் கடை நம்பருக்கு மட்டும்தான் அதுலேருந்து கூப்பிட முடியும்."

போலீசில் சொல்லச் சொன்னார். தானே பார்த்துக்கொள்வதாக அவன் சொன்னான். புள்ளியைக் கொஞ்ச நேரம் இமைக்காமல் பார்த்துவிட்டு, இரண்டு கையும் கூப்பி நன்றி சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு போனான்.

கால் மணி நேரம் ஆகியிருக்காது. கடைப் போன் அடித்தது. கல்லாவிலிருந்த மனைவி எடுத்தாள். ஒரு பெண்ணின் குரல், பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"என் போன் தொலைஞ்சு போச்சுன்னு எழுதி வருதுங்க. திறக்க மாட்டேங்குது. போன் என் கையிலதான் இருக்கு. நீங்க யாரு?"

மனைவி கணினிப் பக்கம் திரும்பினாள். உங்கள் வீட்டுக்காரர் தண்ணீர் வண்டி ஓட்டுகிறாரா என்று மட்டும் கேட்டாள்.  ஆமாம் என்று அந்தப் பெண் நிதானமாகப் பேசினாள். போன மாதம் அவன் கதவில் வைத்து நசுக்கியதில் தன் தோள் எலும்பு விலகியதையும், நான்கு நாள் முன்பு அவன் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் தான் கட்டியிருந்த துணியோடு வெளியே வந்ததையும், சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே படுத்துக்கொள்வதையும் சொன்னாள். இந்த இடம் அக்காவுக்குக்கூடத் தெரியாது என்றாள்.

மனைவி திரும்பச் சொன்னதைக் கேட்டுத் தீர்ப்பு ஸ்க்ரூடிரைவரைப் போட்டுவிட்டுக் கணினிக்கு வந்தார். கணக்கு இன்னும் திறந்தே இருந்தது. கடையில் இருந்த புள்ளி இப்போது அச்சகத்தின் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"வெளியே ஓடும்மா," என்று போனைப் பிடுங்கிச் சொன்னார். "அவன் வந்துட்டான்."

அந்தக் கூடத்துக்கு வாசல் ஒன்றுதான். அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஏதோ இரும்பு விழும் சத்தமும் பல பெண்கள் கத்துவதும் கேட்டன. அதற்கு நடுவே அவன் குரல், கடையில் கேட்ட அதே அடக்கமான குரல், வா வீட்டுக்குப் போகலாம் என்றது.

மனைவி தன் கைப்பேசியில் போலீசைக் கூப்பிட்டாள். தீர்ப்பு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார். ஒல்லி உடம்பு. வாழ்நாளில் யாரையும் அடித்ததில்லை. பள்ளிக்கூடத்திலும் அடி வாங்கிய பக்கம்தான்.

அவர் உள்ளே நுழைந்தபோது பெண்கள் சுவரோரம் ஒண்டியிருந்தார்கள். தடுக்க வந்த மேஸ்திரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்குகளில் ரத்தம் வழிந்தது. அவன் மனைவியின் முடியை இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தான். வலது கையில் டயர் கழற்றுகிற ஸ்பானர். துவைக்கும் இயந்திரத்தின் இரும்பு விளிம்பில் அவள் தலையை மோதினான். மறுபடியும் மோதினான். அவள் அழவில்லை. இயந்திரத்தைக் கையால் தள்ளித் தள்ளித் தலையைக் காப்பாற்றப் பார்த்தாள். அவள் இடது காதிலிருந்து ரத்தம் கோடாக இறங்கி வேலைச் சட்டையின் காலருக்குள் போனது.

தீர்ப்பு பின்னாலிருந்து அவன் கழுத்தில் தொங்கினார். என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. அவன் அவள் முடியை விட்டுவிட்டு, அவரை ஒரு மூட்டையை உதறுவது போல உதறி, இஸ்திரி போடும் மேசையில் தள்ளினான். பிறகுதான் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டான். அவனுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"நீங்கதானே சார் இடத்தைக் காட்டுனீங்க," என்றான்.

பதிலுக்கு அவர் அவன் கையைக் கடித்தார். பல் தோலைத் தாண்டி இறங்கியது. அவன் அவருடைய வலது கையை மேசைமேல் முழங்காலால் அழுத்திக்கொண்டு ஸ்பானரை இறக்கினான். முதல் அடியில் ஆள்காட்டி விரல் போனது. அந்தச் சத்தத்தை அவர் தனியாகக் கேட்டார், வேறு யாருடைய கையோ உடைவது போல. இரண்டாவது அடி கட்டைவிரலின் அடியில் விழுந்தது. அதற்குப் பிறகு அவருக்குத் தன் கூச்சல் மட்டுமே கேட்டது.

மூன்றாவது அடிக்கு அவன் ஓங்கினான். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். மேலே குழாயில் தொங்கிக்கொண்டிருந்த நீராவி இஸ்திரிப்பெட்டியை இழுத்து அவன் கன்னத்தோடு சேர்த்து அழுத்தி, நீராவியைத் திறந்தாள். அவன் அலறியது தெருமுனை வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். ஸ்பானர் கீழே விழுந்தது. அவள் விடவில்லை. அவன் குனியக் குனியப் பெட்டியையும் இறக்கிக்கொண்டே போனாள். அவன் தரையில் சுருண்டபோது பெட்டியின் முனையால் தோளில் அடித்தாள். கதவில் நசுங்கிய அவளுடைய தோள் எதுவோ, அவனுடைய அதே தோளில். சுவரோரம் நின்ற பெண்கள் அப்போதுதான் நகர்ந்தார்கள். இரண்டு பேர் அவளைப் பிடித்து இழுத்தார்கள். மற்றவர்கள் ஈர விரிப்புகளை முறுக்கி அவன் கைகால்களைக் கட்டினார்கள். கட்டும்போது யாரோ அவன் விலாவில் இரண்டு மிதி மிதித்தார்கள். யார் என்று போலீஸ் கேட்டபோது ஒருத்தருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் தீர்ப்பு எதையும் மறைக்கவில்லை. புள்ளியைக் காட்டியது நான்தான், போனைப் பூட்டியதும் நான்தான் என்று போலீஸ்காரரிடம் சொன்னார். தொலைந்த போனைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு என்ன வழக்குப் போடுவது என்று தனக்குத் தெரியவில்லை என்றார் போலீஸ்காரர். வேண்டுமென்றால் எழுதிக்கொள்வதாகச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அவனுக்கு ஒரு கண் போயிற்று. ஜாமீன் கிடைக்காமல் சிறையில் இருக்கிறான். அவளுக்கு இடது காது கேட்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தீர்ப்பின் கையில் இரண்டு கம்பிகள் வைத்தார்கள். விரல்கள் ஒட்டின, மடங்கவில்லை.

மூன்றாவது வாரம் அவள் தன் அக்காவோடு கடைக்கு வந்தாள். அக்கா வந்த வேகத்தில் தீர்ப்பைக் கன்னத்தில் அறைந்தாள். மனைவி எழவில்லை.  தங்கைதான் அக்காவின் கையைப் பிடித்தாள். நல்ல காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"நீங்க வந்து அடி வாங்கலைன்னா நான் செத்திருப்பேன். அது எனக்குத் தெரியும்ணா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த மாதிரி இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் காட்டியிருப்பீங்க?"

 அவருக்குத் தெரியவில்லை.  அவள் அக்காவை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று கடையைப் பாதி இறக்கிவிட்டு, கணவனும் மனைவியும் கணினியின் முன்னால் உட்கார்ந்தார்கள். கடந்த மூன்று வருடங்களில் அவர் திறந்து கொடுத்துவிட்டு மூடாமல் விட்ட கணக்குகள் நாற்பத்தொன்று இருந்தன. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடினார்கள். மூடுவதற்கு முன் தேடப்பட்ட போனின் நம்பரை மனைவி ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டபோது அவள்தான் பேசினாள். அவர் பேசினால் விஷயத்தை விட்டுப் போன் மாடலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார் என்றாள். அவர் அடுத்த கணக்கைத் திறந்தார்.

பெரும்பாலானவர்கள் சிரித்தார்கள். டாக்சியில் விட்டது, தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது, பையனே ஒளித்து வைத்தது. ஒருவர் இது புது மாதிரி மோசடியா என்று திட்டினார். ஆறு பேர் எடுக்கவில்லை.

இருபத்தேழாவது நம்பரை ஒரு பெண் எடுத்தாள். மனைவி விஷயத்தைச் சொன்னாள். உங்கள் போனைத் தேடச் சொல்லி வந்தவர் யார், அப்போது போன் உண்மையிலேயே தொலைந்திருந்ததா என்று கேட்டாள்.  அவள் பதில் சொல்வதற்குள் பின்னால் ஓர் ஆண் குரல், யாரது போனில் என்றது.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "நீங்க எதுவும் பேச வேணாம். உங்களுக்கு உதவி வேணும்னா, தப்பான நம்பர்னு சொல்லிட்டு வெச்சிருங்க."

"தப்பான நம்பர்," என்றாள் அந்தப் பெண். இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

மனைவி தாளில் அந்த நம்பரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். தீர்ப்பு மடங்காத கையால் ஷட்டரைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. அவள் வந்து தூக்கினாள்.