நேராக நின்ற ரோஜாக்கள்

பூ விவசாயிகள் சங்கம் என் பூக்கடைச் சுவரில் ஒரு சுவரொட்டியை ஒட்டிவிட்டுப் போனது. உள்ளூரில் விளைந்த பூங்கொத்துக்குப் பச்சை முத்திரை ஒட்டுவார்களாம். முத்திரை இல்லாததெல்லாம் கடையில் 'வெளிநாட்டுப் பூ' என்று எழுதிய வாளிக்குப் போக வேண்டுமாம். நல்ல விஷயம்தான், யார் வேண்டாம் என்றது?

என் தம்பி ரோஜா வளர்க்கிறான். வெளிநாட்டுப் பூவைப் போலத் தண்டு நேராக நிற்க வேண்டும் என்று ஆறு வருடமாக மல்லுக்கட்டி, செடிகளுக்கு வலை கட்டி, மொட்டுக்கு மொட்டு குல்லா மாட்டி, போன வருடம்தான் ஜெயித்தான். ஆனால் ஊர் பேர் தெரியாத பூவை யார் கேட்டு வாங்குகிறார்கள்? இந்த முத்திரையும் கிடைக்காவிட்டால் பசுமைக்குடிலைப் பிரித்துவிட்டு மனைவியின் அண்ணன் கம்பெனிக்கே வேலைக்குப் போவதாக அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

சங்கச் செயலாளர் கடைக்கே வந்தார். தம்பியும் பூவோடு வந்திருந்தான். தம்பியின் கொத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"இது நம்ம ஊர்ப் பூ இல்லப்பா."

"காலையில என் தோட்டத்துல வெட்டினது சார்!"

"ஒரு வளைவு இல்ல, ஒரு பூச்சிக்கடி இல்ல. யாருக்குக் காது குத்துற?"

"தோட்டத்துக்கு வாங்க, காட்டுறேன்."

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே."

தம்பியின் முகம் செத்துப்போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எருக்குழியில் கொட்டுவதற்காக அவன் வண்டியில் போட்டிருந்த கழிவுப் பூக்கொத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். கோணல் தண்டு, ஓட்டை இலை. "அப்ப இதைப் பாருங்க" என்று குத்தலாகத்தான் சொன்னேன்.

மனிதருக்கு வாயெல்லாம் பல். "இதுல தெரியுது பாரும்மா நம்ம மண்ணு!" என்று தன் கையாலேயே முத்திரை ஒட்டினார்.

பசுமைக்குடில் பிழைத்தது. இப்போது கோணல் பூவுக்குப் பச்சை முத்திரை, தம்பியின் பெயர், தோட்டத்தின் படம் எல்லாம் உண்டு. ஆட்கள் கேட்டு வாங்குகிறார்கள். நேரான பூ, விதிப்படி, வெளிநாட்டு வாளியில் இருக்கிறது.

நேற்று ஓர் அம்மாள் அந்த வாளியிலிருந்து ஒரு ரோஜாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூ இறக்க வந்த தம்பி பக்கத்தில்தான் நின்றான்.

"ஏன் தம்பி, இந்த மாதிரி நம்ம ஊர்ல யாராலயும் வளர்க்க முடியாதா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"முடியாதும்மா," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.