ஆனைமலை இழவுச் சேதி

செல்லாத்தாளுக்குப் பொய் சொல்ல வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மோரில் சொட்டுத் தண்ணீர்கூடக் கலப்பதில்லை என்று நாற்பது வருஷம் சாதித்தவள் அவள். ஆனால் அந்தப் பொய்களெல்லாம் மறுநாளே அவளுக்கு மறந்துவிடும். பழனாத்தாளிடம் சொன்ன பொய் மட்டும் மறக்கவே இல்லை. காலையில் எருமைக்குத் தண்ணீர் காட்டும்போதும் வந்து நிற்கும், சோற்றைப் பிசையும்போதும் வந்து நிற்கும்.

கருமத்தம்பட்டிக்குக் கிழக்கே, அவிநாசி ரோட்டை ஒட்டின சிற்றூர். பைகாரா மின்சாரம் வந்து, கோயமுத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த காலம். செல்லாத்தாளின் மகனும் அங்கே ஒரு மில்லில் மேஸ்திரியாகி, பெண்டாட்டி பிள்ளைகளோடு பீளமேட்டுப் பக்கம் போய்விட்டான். நோன்புக்கு நோன்பு வருவான். மற்ற நாளெல்லாம் அவளுக்குப் பேச்சுத்துணை எருமைதான். அதுவும் பதில் சொல்லாது.

அவளைப் போல ஊரில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் வெள்ளைச் சீலைக்காரிகள். கல்யாண வீட்டில் முன்னால் வரக்கூடாது, யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் எதிரே நடக்கக்கூடாது. கூப்பிடாமலே போகக்கூடிய இடம் இழவு வீடு ஒன்றுதான். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் செல்லாத்தாள் தனியாக உட்கார்ந்து ஏதோ பாட, கேட்டு வந்த நாச்சியம்மாள் கூடச் சேர்ந்துகொள்ள, அடுத்த வெள்ளிக்கு ஐந்து பேராயிற்று. பத்து வருஷமாக விட்டுப்போகவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறதென்றால் வியாழக்கிழமையே சீலையைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவார்கள். பாடி முடித்த பிறகும் வீட்டுக்குப் போக மனசு வராமல், யார் வீட்டுக் கோழி எத்தனை முட்டையிட்டது என்பதுவரை பேசிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

ஐந்து பேரில் மூத்தவள் பழனாத்தாள். எழுபது தாண்டிவிட்டது. பிள்ளை இல்லை. புருஷன் போய்ப் பதினோரு வருஷம். தெருக்கோடியில் ஒற்றை அறை வீடு. மற்ற ஆறு நாளும் அவள் வாயைத் திறப்பது கோழியை விரட்டத்தான். காது மந்தம். அதனால் செல்லாத்தாளுக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, வாய் அசைந்த பிறகு பாடுவாள். எல்லாரும் ஓர் அடியை முடித்து மூச்சு வாங்கும்போதுதான் பழனாத்தாள் அந்த அடிக்கு வந்து சேர்வாள். குரலும் நல்ல கனத்த குரல், மெதுவாகப் பாடவும் தெரியாது.

“ஆத்தா நீ வாசலுக்கு வந்து நில்லு, அடிவானம் கறுக்குது பாத்துச் சொல்லு” என்று நாலு பேரும் பாடி நிறுத்துவார்கள். “பாத்துச் சொல்லு” என்று பழனாத்தாள் பின்னாலேயே வருவாள். ஊர்ப்பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். செல்லாத்தாளுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் ஊருக்குள் பாடுகிறவரை அது பெரிதாகத் தோன்றவில்லை.

அந்த வருஷம் ஆவணிக் கடைசி வெள்ளியன்று கோயமுத்தூர் கோவிந்தராஜுலு நாயுடுவின் மோட்டார் கார் அந்த ஊர் எதிரே டயர் வெடித்து நின்றது. டிரைவர் டயர் மாற்றுகிறவரை நாயுடு புளியமர நிழலில் நின்று கோயில் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்துக்கே வந்துவிட்டார்.

“புரட்டாசி ரெண்டாஞ் சனிக்கெழம எங்க ஊட்டுல பஜனைங்க. எங்கம்மா காலமான பொறவு அவங்க நெனப்பா வருசா வருசம் வெக்கறதுங்க. நீங்க வந்து பாடோணும். நானே காரை அனுப்பறனுங்க” என்றார்.

மங்கல வாசல்களுக்குப் பின்னால் ஒதுங்கியே பழகிய ஐந்து பேரையும் கையெடுத்துக் கும்பிட்டு அழைத்தார் மனுஷர். நாச்சியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. செல்லாத்தாளுக்கு அன்றைக்கே தலை கனத்துப்போயிற்று. கோயமுத்தூரில், பங்களாவில், படித்தவர்கள் எதிரே பாடப்போகிறாள். மகனும் மருமகளும் வந்து கேட்கலாம். அந்தச் சபையில் “பாத்துச் சொல்லு” என்று ஒரு குரல் தனியாக வந்து விழுந்தால் என்ன ஆவது?

நீ வர வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பழனாத்தாளே வராமல் நின்றுகொள்கிற மாதிரி ஒரு வழி வேண்டும். யோசித்து யோசித்துக் கடைசியில் அவள் பிடித்தது தீட்டு. பங்காளி ஒருவர் செத்தால் அந்தக் கூட்டத்தார் காரியம் முடியும்வரை கோயில் வாசலை மிதிக்க மாட்டார்கள், சாமி பாட்டு வாயில் எடுக்க மாட்டார்கள். பழனாத்தாள் புருஷனின் பங்காளி ஆறுச்சாமிக் கவுண்டர் என்று ஒருவர் ஆனைமலையில் இருந்தார். ஆனைமலை எங்கே, இந்த ஊர் எங்கே. அத்தனை தூரம் யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை. பஜனை முடிந்ததும் ஆள் பிழைத்துக்கொண்டார், தப்பான சேதி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

சனிக்கிழமை பஜனை. வியாழக்கிழமை பழனாத்தாள் வீட்டுக்குப் போய், காதோடு வாய் வைத்து, பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காதபடி சொன்னாள்: “அக்கா, ஆனைமலைக்காரரு போயிட்டாருங்களாமா. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போன வண்டிக்காரன் சொன்னான்.”

பழனாத்தாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, “அப்ப நாயுடு ஊட்டுக்கு நான் வர முடியாது அம்மணி. நீங்க நல்லாப் பாடிட்டு வாங்க” என்றாள். செல்லாத்தாள் வந்த காரியம் முடிந்தது. இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் பின்னால் அவளுக்கு அதிகம் கூசியது.

நாயுடு வீட்டுப் பஜனையில் தரையெல்லாம் பவானி ஜமுக்காளம். மகன் வந்திருந்தான். பாட்டும் பிசகில்லாமல் போயிற்று. ஆனால் ஒவ்வோர் அடி முடிவிலும் மூச்சு வாங்க நிறுத்தினால் பொட்டென்று ஒரு மௌனம் விழுந்தது. அதற்கு அஞ்சி அவசரமாக அடுத்த அடியை எடுத்து, மூன்றாம் பாட்டிலேயே செல்லாத்தாளுக்கு இரைக்கத் தொடங்கிவிட்டது. நாயுடு மரியாதையான மனுஷர், பழமும் வெற்றிலையும் வைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, “அன்னைக்கு ரோட்டுல நின்னு கேக்கறப்போ பாட்டு நிக்காம ஓடுச்சுங்களே. ஒரு கனத்த கொரலு பின்னாலயே தாங்கிட்டு வந்துச்சு. அந்தம்மா வரலீங்களா?” என்றார்.

“அவங்களுக்குத் தீட்டுங்க” என்றாள் செல்லாத்தாள். காதெல்லாம் சுட்டது.

திங்கட்கிழமை பிற்பகல் ஒரு வாடகை வண்டி கோயில் முன்னால் வந்து நின்றது. அதிலிருந்து முதலில் பழனாத்தாள் இறங்கினாள். பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார். ஆனைமலை ஆறுச்சாமிக் கவுண்டரின் மகன் தம்பிதுரை. வண்டிச் சத்தம் கேட்டுக் கூடியவர்களில் செல்லாத்தாளும் இருந்தாள். தம்பிதுரை எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

“ஏனுங்க, எங்கப்பன் செத்துப்போனாருன்னு உங்க ஊர்ல ஆருங்க சொன்னது?”

பழனாத்தாள் ஆனைமலைக்குப் போயிருக்கிறாள். எழுபது வயசுக்காரி, காது கேட்காதவள், தனியாக பஸ் ஏறி, ரயில் ஏறி, பொள்ளாச்சியிலிருந்து வண்டி பிடித்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்திருக்கிறாள். அவள் புருஷன் செத்தபோது அவ்வளவு தூரத்திலிருந்து வந்து பாடைக்குத் தோள் கொடுத்தவர் ஆறுச்சாமி ஒருவர்தான். இந்த ஊரில் யாருக்கும் அது நினைவில்லை. இழவு வீட்டுக்குப் போகிற பெண்கள் தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் ஒப்பாரி எடுத்துக்கொண்டு போவதுதான் முறை. அவளும் முறைப்படியே போயிருக்கிறாள். “பாதி வழி தொணைக்கு வந்த பங்காளி, மீதி வழிக்கு ஆரு வருவா சொல்லுங்க” என்று மார்பில் அறைந்துகொண்டு வாசலில் போய் விழுந்திருக்கிறாள். கவுண்டர் வாசலில் கட்டில் போட்டு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்தறோம், இவங்களுக்குக் கேக்கலீங்க. எங்கப்பன் எந்திரிச்சு வந்து தோளைத் தொட்ட பொறவுதான் தலையத் தூக்கிப் பாத்தாங்க” என்றார் தம்பிதுரை. “ஊடு பூராச் சாணித்தண்ணி தெளிச்சோமுங்க. எங்கப்பன் ரெண்டு நாளாச் சோறு திங்கறதில்லைங்க. தன்ற ஒப்பாரிய தானே கேட்டாச்சுன்னு படுத்துட்டாரு. சின்னாத்தா, இப்பவாச்சும் சொல்லுங்க. ஆரு சொன்னது?”

கடைசிக் கேள்வியை அவர் பழனாத்தாளின் காதோரம் குனிந்து உரக்கக் கேட்டார். அவள் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். செல்லாத்தாள் முகத்தையும் பார்த்தாள். மற்ற முகங்களைப் பார்த்த அளவுக்குத்தான் அதையும் பார்த்தாள்.

“சந்தையில ஆரோ சொன்னாங்க, கண்ணு. மொகம் நெனப்பில்லை” என்றாள்.

செல்லாத்தாள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று பின்னால் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அது ஒட்டவும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம். மேஸ்திரியின் ஆத்தாள், பாட்டுக்காரி, நாயுடு கையால் வெற்றிலை வாங்கியவள் என்ற பேர் போய்விடுமே என்ற பயம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பழனாத்தாள் துவைத்த சீலையோடு மண்டபத்துப் படியேறினாள். நாச்சியம்மாள் எழுந்து போய் அவளைப் படியிலேயே நிறுத்தினாள். “உசுரோட இருக்கறவருக்கு ஒப்பாரி வெச்ச வாயிங்க அது. அந்த வாயில சாமி பாட்டு வேண்டாமுங்க. கொஞ்ச நாளு போகட்டும்” என்று கையால் சைகை காட்டிச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பிச் செல்லாத்தாளைப் பார்த்தாள். கூட்டத்துக்குத் தலை அவள்தானே. செல்லாத்தாள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்தபோது படியில் யாரும் இல்லை.

அதற்கப்புறம் ஊரும் சும்மா இருக்கவில்லை. இழவுக்காரி என்று பேர் வைத்தது. அவள் தெருவில் வந்தால் தாய்மார் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். விதைப்புக்குக் கிளம்பினவர்கள் அவளைக் கண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். பழனாத்தாள் வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். கோழி விரட்டுகிற சத்தம்கூட அந்த வீட்டிலிருந்து வரவில்லை.

மண்டபத்தில் இரண்டு வெள்ளி பாட்டு நடந்தது, நடந்தது என்று பேருக்குச் சொல்லலாம். செல்லாத்தாளுக்கு எதிரே ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. பத்து வருஷமாகத் தன் வாயை அப்படி ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும், இனிமேல் யாரும் அப்படிப் பார்க்கப் போவதில்லை என்பதும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாயாலேதான் அவளைக் கெடுத்தோம் என்று நினைத்தபோது பாட்டு பாதியில் நின்றுவிட்டது. தொண்டை சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தாள். அதுவும் பொய்.

மூன்றாம் வியாழக்கிழமை சாயங்காலம் செல்லாத்தாள் தெருக்கோடிக்கு நடந்தாள். எதிரே ஊர்க்கிணறு. ஊர்ப் பெண்கள் தண்ணீர் இறைக்கிற நேரம். நாச்சியம்மாளும் குடத்தோடு நின்றாள். இருட்டின பிறகு வந்திருக்கலாமே என்று செல்லாத்தாளுக்குத் தோன்றாமல் இல்லை. திரும்பிப் போனால் மறுபடி வரமாட்டோம் என்று அவளுக்கே தெரியும். பழனாத்தாள் வாசற்படியில் உட்கார்ந்து ஆமணக்கு முத்து உரித்துக்கொண்டிருந்தாள்.

செல்லாத்தாள் அவள் முன்னால் குந்தினாள். முகத்துக்கு நேரே முகம் வைத்து, மெல்லிய குரலில், “அக்கா, அன்னைக்கு உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்க” என்றாள்.

பழனாத்தாள் அவள் வாயைப் பார்த்தாள். பிறகு கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். “என்ன அம்மணி?”

செல்லாத்தாள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

“காத்தடிக்குது. ஒண்ணுங் கேக்கலை.”

காற்று அப்படியொன்றும் அடிக்கவில்லை. செல்லாத்தாள் கிணற்றுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எழுந்து நின்றாள். மண்டபத்தில் பாட்டெடுக்கிற அதே குரலை எடுத்துக் கத்தினாள்.

“ஆனைமலைக்காரரு செத்துப்போனாருன்னு உங்ககிட்டப் பொய் சொன்னது நானுங்க்கா. சந்தையில ஆரும் சொல்லலை. நீங்க பிந்திப் பாடறது கோயமுத்தூர்ல கேவலமாப் போயிருமுன்னு, நீங்க வரக்கூடாதுன்னு, நாந்தான் பொய் சொன்னேன். அவரு மகன் வந்து கேட்டப்பவும் வாயத் தொறக்காம நின்னேன்.”

கிணற்று ராட்டினச் சத்தம் நின்றுவிட்டது. நாச்சியம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றப்போனவள் அப்படியே கீழே வைத்தாள். செல்லாத்தாளுக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. பூமி பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது. அது பிளக்கவில்லை. எல்லார் கண்ணும் முதுகில் பட்டுக்கொண்டிருக்க அங்கேயே நிற்கத்தான் வேண்டியிருந்தது.

பழனாத்தாள் ஓர் ஆமணக்கு முத்தை உரித்து முறத்தில் போட்டாள்.

“மொத வாட்டியே கேட்டுச்சு அம்மணி” என்றாள். “பத்து வருசமா உன்ற வாயத்தான பாத்துட்டிருக்கறன். கெணத்தடியில நிக்கறவங்களுக்குந்தான் கேக்கோணுமே.”

பழனாத்தாள் மடியில் கிடந்த தொலியைத் தட்டிவிட்டு எழுந்தாள். கொடியில் அவளுடைய வெள்ளைச் சீலை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. மூன்று வாரமாக அவள் வியாழக்கிழமைதோறும் அதைத் துவைத்துத்தான் இருக்கிறாள். அதை எடுத்து மடித்துக்கொண்டே, தன் கனத்த குரலில், கிணற்றடி வரைக்கும் போகும்படி கேட்டாள்.

“நாளைக்கு வெள்ளிக்கெழம. எங்க பங்காளிக ஆரும் சாவலையே?”

“இல்லைங்க்கா” என்றாள் செல்லாத்தாள். குரல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

பழனாத்தாள் மறுபடியும் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.