ரயிலை நிறுத்திய ரவிக்கை

சிவகாசியிலிருந்து விருதுநகருக்குக் கிளம்பிய காலை ரயிலை, இன்ஜினோடும் அத்தனை பெட்டிகளோடும் சேர்த்து, வேலுத்தாய் ஒரு ரவிக்கையைக் காட்டி நிறுத்தினாள். ரயில் சும்மா நிற்கவில்லை. 'இன்னொரு தடவை காட்டு தாயீ, கண்குளிரப் பார்த்துக்கிறேன்' என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, ஆவணி மாசம். சந்தேகம் வருகிறவர்கள் கடைசிவரை கேட்டுவிட்டு வாயைத் திறக்கவும்.

வேலுத்தாய் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறவள். மரச்சட்டத்தின் வரிப்பள்ளங்களில் ஒவ்வொரு குச்சியாக வைத்து நிரப்புகிற வேலை. அவள் விரலைக் கண்டால் குச்சிகள் தாமாகவே எழுந்து வரிசைக்கு ஓடும். ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும் கணக்குப்பிள்ளை கட்டையையே தள்ளிவிடுவார். பத்து வருஷம் அப்படி வேலை பார்த்தவளுக்கு, எங்கே இடைவெளியைக் கண்டாலும் பல்லிடுக்கில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி.

பக்கத்தில் உட்கார்ந்து கட்டை அடுக்கும் சின்னத்தாய்க்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை விருதுநகர், கல்யாணமும் அங்கேதான்.

"ஏக்கா, ரவிக்கை முதுகுல ஒரு சின்னக் கொடி, நாலே நாலு பூ. சிவப்புப் பாசிமணியில தச்சுக் குடு. அதைப் போடாம நான் மணையில உட்கார மாட்டேன், பார்த்துக்க."

வேலுத்தாய் பழைய கட்டைச் சட்டம் ஒன்றில் துணியை இழுத்துக் கட்டினாள். கொடியும் பூவும் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டன. அங்கேதான் வினை பிடித்தது. பூவுக்கும் கொடிக்கும் நடுவே சும்மா கிடந்த துணியைக் கை பார்த்துவிட்டது. அது சும்மா இருக்குமா? ஒரு பாசி, அதை ஒட்டி இன்னொன்று. கொடி மூழ்கியது, பூ மூழ்கியது. முதுகு முழுக்கக் கண்ணாடிப் பாசி, எறும்பு நடந்தால் வழுக்கி விழும்!

பெண் வீட்டார் முந்தின நாளே விருதுநகர் போய்விட்டார்கள். கல்யாணத்தன்று காலையில் வேலுத்தாய் கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடிக்கும்போது ஸ்டேஷன் பக்கம் ஊதல் கேட்டது.

ஓடினாள். பிளாட்பாரம் முடிந்துபோயிற்று, அவள் ஓட்டம் முடியவில்லை. கடைசிப் பெட்டியில் கார்டு பின்பக்கம் பார்த்தபடி நின்றார்.

"ஐயா, நிறுத்துங்க! கல்யாணம்யா!"

அவர் காதில் விழவில்லை. வேலுத்தாய் ரவிக்கையை இரண்டு கையாலும் விரித்துத் தலைக்குமேல் தூக்கினாள். எதிரே கிழக்கு வெயில். அத்தனை பாசியும் ஒரே சமயத்தில் பற்றிக்கொண்ட மாதிரி சிவந்தது. தண்டவாளத்தின் மேல் சிவப்பைக் கண்டால் கார்டு என்ன செய்வார்? பிரேக்கைப் பிடித்துவிட்டார்.

"என்னம்மா, எங்க ஆபத்து?" என்று பதறி இறங்கி வந்தார்.

"இது போய்ச் சேரலைன்னா பொண்ணு மணையில உட்கார மாட்டா ஐயா. இதுக்கு மேலயுமா ஆபத்து?"

அதட்டப்போனவர் ரவிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏறித் தொலை" என்றார்.

ஏறிய பெட்டியில் ஒரு சாக்குமூட்டை ஆளில்லாமல் கிடந்தது.

"ரயில் நின்னதும் ஒரு மீசைக்காரரு அந்தப் பக்கமாக் குதிச்சு உடைமுள்ளுக் காட்டுக்குள்ள ஓடிட்டாரு" என்றாள் எதிரே இருந்த முறுக்குக்காரி.

வேலுத்தாய் மூட்டையை மோந்து பார்த்தாள். வெடி மருந்து வாசம். ரயிலில் வெடி கொண்டுபோகக் கூடாது. கட்டியிருந்த முடிச்சும் தெரிந்த முடிச்சுதான். சின்னத்தாயின் தாய்மாமன் சங்கிலிமுத்து போட்டது; அவர் வெடிக் கம்பெனியில் மூட்டை கட்டுகிறவர். தாலி ஏறும்போது முதல் வெடியைத் தாய்மாமன்தான் கொளுத்த வேண்டும். இல்லையென்றால் அந்த மீசைக்கு மரியாதை இல்லை. மூட்டையை அவளே சுமந்துகொண்டு போனாள்.

சின்னத்தாய் ரவிக்கையைப் போட்டு வந்ததும் பந்தலே செவசெவ என்றாகிவிட்டது. அப்புறம் பந்தியில் பாயசத்தை ரசம் என்று நினைத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டவர்கள் உண்டு. ரயில் கதையைக் கேட்டு எல்லாரும் வேலுத்தாயைச் சுற்றி நின்ற சமயம், சங்கிலிமுத்து வந்தார். உடம்பெல்லாம் மிளகாய்த்தூசி, காலெல்லாம் முள், வாயைத் திறந்தால் தும்மல்.

"மச்சான், வெடி எங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

"தீவாளி சீசன்லா? வெளியூர் ஆர்டருக்கே... அச்! பத்தலை."

"அதை விடுங்க, வேலுத்தாய் ரவிக்கையைக் காட்டி ரயிலை நிறுத்திட்டா, தெரியுமா?"

"ரவிக்கைக்கு ரயில் நிக்குமா? உங்க காதுல பூச்சுத்திட்டா."

வேலுத்தாய்க்கு முகம் சுண்டியது, ஒரு நொடிதான். "நீங்க எதுல வந்தீக மாமா?"

"மிளகா லாரியில. ரயில் பக்கமே போகலை."

"அப்ப ரயில் நிக்கலைங்கீக."

"நிக்கவே இல்லைங்கேன்!"

அவள் மூட்டையைப் பந்தல் நடுவே இழுத்துப்போட்டாள். "ரயில் நின்னதும் இதைப் போட்டுட்டு ஒருத்தர் குதிச்சு ஓடினாராம். ரயில்தான் நிக்கலையே, இது யாருதோ என்னவோ? ஸ்டேஷன்லயே குடுத்துட்டு வந்துடுறேன்."

உள்ளே "கெட்டிமேளம்" என்று குரல் வந்தது. சங்கிலிமுத்து மூட்டையைப் பார்த்தார். பெண்ணின் அம்மா, அவருடைய அக்கா, வாசலில் வந்து நின்றாள்; அவள் முகத்தைப் பார்த்தார். பலமாக ஒரு தும்மல் போட்டார்.

"நின்னுச்சு தாயீ, நின்னுச்சு! என்னைப் பிடிக்கத்தான் நிறுத்துறாகன்னு குதிச்சுட்டேன். சீக்கிரம் ஒரு தீக்குச்சி குடு!"