வற்றாத குழி

தம்பி குவாரிக் குழிக்குள் போய் இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகிறது. பக்கச்சுவர் சரிந்து பாறையோடு ஆளையும் அள்ளிக்கொண்டு போனது. ஊற்று உடைந்து ஒரே வாரத்தில் தண்ணீர் மூடிவிட்டது. முதலாளி இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு கம்பி நீட்டினான். தண்ணீரை இறைத்து எலும்பையாவது எடுத்துக் கொடுங்கள் என்று அண்ணன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினான். அவனும் கல்லுடைக்கிறவன்தான்.

அன்று காலை ஜீப் சத்தம் கேட்டதும் மோட்டார் வந்துவிட்டது என்று அடித்துப் பிடித்து ஓடினான். ஓர் அதிகாரியம்மா இறங்கினாள். பின்னாலேயே டேப்பும் கையுமாக சர்வேயர் இறங்கி, நட்டு வைக்கக் கால் பொருத்திய இரும்பு அறிவிப்புப் பலகை ஒன்றை இழுத்துக் கீழே போட்டார்.

“மோட்டார் எங்கம்மா?”

“என்ன மோட்டார்? இது இனிமே அரசாங்கம் பாதுகாக்கிற நீர்நிலை. ஒரு சொட்டுத் தண்ணி எடுக்கக் கூடாது.”

சர்வேயர் சிரித்தார். “நாடு பூராவும் இலக்கு வச்சிருக்காங்கப்பா. இத்தனை பங்கு நீர்நிலையைக் காப்பாத்தியே ஆகணுமாம். நம்ம வட்டாரத்துல மூணு ஏக்கர் துண்டு விழுந்துது. இருந்த ஏரியெல்லாம் வீடாயிடுச்சு. புதுசா எங்க போய் வெட்டுறது? நல்லவேளை, நீங்களே வெட்டி வச்சிருக்கீங்க.”

“உள்ள என் தம்பி கெடக்கான் சார்.”

சர்வேயர் சிரிப்பை நிறுத்திவிட்டு டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார். அதிகாரியம்மா கோப்பைப் பிரித்து ஒரு தாளை நீட்டினாள். “வருஷம் பூரா தண்ணி நிக்குதுன்னு அத்தாட்சி கேட்டாங்க. இது ஒண்ணுதான் இருந்துச்சு.”

அவன் கொடுத்த மனு. கீழே அவன் கையெழுத்து. ‘கொளுத்துகிற கோடையிலும் ஒரு சாண் குறையாது. சின்ன மோட்டாருக்கு மசியாது. நாரை வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் வரை கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள்.’ பெரிய மோட்டாராக அனுப்பட்டும், கொஞ்சம் உறைக்கட்டும் என்று மனு எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து அவனே சொல்லச் சொல்ல எழுதியது.

“வாபஸ் வாங்கிக்கிறேம்மா.”

“வாங்கிக்கலாம். ஆனா உத்தரவு நேத்தே வந்துடுச்சு.”

கோபம் வரும் என்று நின்று பார்த்தான். வரவில்லை.

“பலகை நடணும், எங்க ஆள் லீவு. பாறையில கடப்பாரை போடுவியா?” என்றார் சர்வேயர். தோளில் கிடந்த துண்டை இறுக்கித் தலையில் கட்டிக்கொண்டு கடப்பாரையை வாங்கினான்.

அரை அடி இறங்கியிருக்கும். தம்பி பெண்டாட்டி மூச்சு வாங்க வந்து நின்றாள். எலும்பைப் பொதிய ஒரு துவைத்த போர்வை கையில்.

“எப்ப இறைக்கிறாங்க மாமா?”

“இறைக்க மாட்டாங்க புள்ள.”

அவள் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். “இதுல அவரு பேரு இருக்கா?”

“பேரு போட விதி இல்லம்மா,” என்றாள் அதிகாரியம்மா, மெதுவாக.

“எத்தன அடி தோண்டணும் சார்?” என்றான் அவன்.

“ரெண்டரை.”

“தள்ளி நில்லு புள்ள, சில்லு தெறிக்கும்” என்று கடப்பாரையை ஓங்கினான்.