பியட்டுக்குக் காது குத்து

1

இந்தக் கதையில் ஒரு வரிதான் நிஜம். தொண்ணூற்று நாலில், பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு கார் எலக்ட்ரீஷியன் கடையில் ஓர் அம்மாள், “ஓட்ட போடணும்னா எங்க அண்ணன் வரணும்” என்றது காதில் விழுந்தது. மிச்சமெல்லாம் நான் சமைத்தது. உப்பு கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தாமிரபரணியில் அன்று தண்ணீர் இரண்டு கரையும்

(வேண்டாம். ஆற்றுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

ராஜராஜேஸ்வரியின் கணவர் பெயர் பாபநாசம். அவருக்கு பியட் காரில் பாட்டுக் கேட்க ஆசை. பாட்டுப்பெட்டிக்கு பேட்டரியிலிருந்து வயர் வர வேண்டும். இடையில் இன்ஜினையும் ஆட்களையும் பிரிக்கும் தகரச் சுவர். அதில் துளை போட வேண்டும் என்றார் எலக்ட்ரீஷியன் காஜா முகைதீன்.*

“எங்க அப்பா தந்த வண்டில்லா? பிள்ளைக்குக் காது குத்துனா தாய்மாமன் மடி வேணும். இதுக்கும் எங்க அண்ணன் வரட்டும்” என்றாள் ராஜி.

அண்ணன் குற்றாலலிங்கம், பாபநாசம் வீட்டுக் கல்யாணத்தின் மறுநாள் சொதி விருந்தில் தன்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்த நாளிலிருந்து வாசல் மிதிக்காதவர். அவர் வர வேண்டும், ராஜிக்கு வேண்டியது அவ்வளவுதான். பாட்டு எக்கேடு கெட்டால் என்ன! தாய்மாமன் முறை என்று சொல்லி அனுப்பியதும் அவரும் மறுக்க முடியாமல் வருவதாகச் சொல்லிவிட்டார்.

* துளையின் விளிம்புக்கு ரப்பர் வளையம் போட வேண்டும். இல்லையென்றால் தகரம் வயரின் தோலை உரித்து வண்டி தீப்பிடிக்கும். கதையை நம்பி யாரும் துளை போட்டுவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.

3

வீட்டு வாசலில் குற்றாலலிங்கத்தின் ஆட்டோ வந்து நின்ற நேரம் பார்த்துத்தான் காஜா கால்மிதியைத் தூக்கினார். தகரச் சுவரில் கம்பெனிக்காரனே போட்ட துளை, ரப்பர் மூடியோடு இருந்தது.

“அக்கா, இங்கன ஏற்கெனவே ஓட்ட இருக்கே! புதுசு எதுக்கு?”

“ஐயோ, பைய பேசுங்க” என்றாள் ராஜி. புதுத் துளை இல்லையென்றால் முறையும் இல்லை. அண்ணன் அதே ஆட்டோவில் திரும்பிவிடுவார்.

முடிவு அ: காஜா அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. (காஜாவா? நடக்காது.)

முடிவு ஆ: கதாசிரியனே காருக்குள் புகுந்து கால்மிதியை இழுத்து

4

நான் இப்படி இழுத்துக்கொண்டிருக்கையிலேயே பாபநாசம் குனிந்து பார்த்துவிட்டார். மூடியை விரலால் அழுத்தியும் பார்த்தார். ராஜிக்கு அழுகை முட்டியது.

“இது பத்தாது வே. வேற போடும்” என்றார் காஜாவிடம். பிறகு வாசல் பக்கம் திரும்பினார். “வாங்க அத்தான். வந்து வண்டியப் பிடிங்க. நீங்க இல்லாம ஆகாது.”

அந்தப் பழைய துளையில் நாலு வயர் தாராளமாகப் போகும். அது பாபநாசத்துக்கும் தெரியும்.

குற்றாலலிங்கம் ஒரு கால் ஆட்டோவிலும் ஒரு கால் தரையிலுமாக நிற்கிறார். உள்ளே கூட்டிவர என்னிடம் ஒரு வரி தயாராக இருக்கிறது, எழுத மாட்டேன். அழைக்க வேண்டியவர் அழைத்துவிட்டார். அந்த இன்னொரு காலை நீங்கள் இறக்கிவையுங்கள்.